கண்ணில் விழும் லக்ஸ்தான் கணக்கு: எழுப்பும் விளக்கும் சிகிச்சை விளக்கும்

ஓசூர் சிப்காட் பக்கம் காலை 6 மணி ஷிப்டுக்குப் போகிறவர் 4.15-க்கு எழுந்தால்தான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியும். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் பொதுத்தேர்வுக்கும் நீட்டுக்கும் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் 4 மணிக்கே அலாரம் அடிக்கிறது. வெளியே கும்மிருட்டு. அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வது, எழுந்தும் அரை மணி நேரம் தலை கனத்துக் கிடப்பது, ராத்திரி படுத்தால் 12 மணி வரை தூக்கம் பிடிக்காதது என்று மூன்று தொல்லைகள். இவற்றுக்குத் தீர்வு என்று இணையக் கடைகளில் இரண்டு வகை விளக்குகள் விற்கிறார்கள். விடியற்காலை போல மெல்ல மெல்ல ஒளி கூடும் 'வேக்-அப் லைட்' ஒன்று. பெட்டியில் '10,000 லக்ஸ்' (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்று போட்ட 'லைட் தெரபி லேம்ப்' இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து வாங்கி, ஒரு மாதத்தில் பரணில் தூக்கிப்போடுகிறவர்கள் நிறைய.

எழுப்பும் விளக்கு தூங்குகிறவருக்கானது. மூடிய இமை வழியாக வேலை செய்கிறது. தலையணையில் 200, 300 லக்ஸ் விழுந்தால் போதும். சிகிச்சை விளக்கு விழித்திருப்பவருக்கானது. திறந்த கண்ணில் 10,000 லக்ஸ் அளவுக்கு, அரை மணி நேரம், தினமும் விழ வேண்டும். முதலாவது எழும்போது உள்ள மந்தத்தைக் குறைக்கும். இரண்டாவது உடம்புக் கடிகாரத்தையே முன்னோ பின்னோ நகர்த்தும். சில வகை மனச்சோர்வுக்கும் மருந்தாகும். கடிகாரத்தை நகர்த்தும் வேலையை எழுப்பும் விளக்கிடம் எதிர்பார்ப்பதுதான் முதல் ஏமாற்றம்.

கண் பார்ப்பதற்கு மட்டும் இல்லை

விழித்திரையில் உருவத்தைப் பார்க்க உதவும் செல்களைத் தவிர இன்னொரு வகையும் உண்டு. மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட அந்தச் செல்கள் வெளிச்சம் எவ்வளவு என்பதை மட்டும் அளந்து மூளைக்குச் சொல்லும். பாலூட்டிகளின் விழித்திரையில் இவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002-ல்தான் உறுதியானது. 480 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றியுள்ள நீல ஒளிக்கு இவை அதிகம் அசைந்துகொடுக்கும். செய்தி போய்ச் சேரும் இடம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே இருக்கும் சிறு நரம்புத் திரள். அதுதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். பெரும்பாலானோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அதனால் தினமும் அது கொஞ்சம் பின்தங்கும். காலை வெளிச்சம் அதை இழுத்து நேர்ப்படுத்தும். காலை வெளிச்சம் கிடைக்காமல் ராத்திரி வெளிச்சம் மட்டும் கிடைத்தால் தூக்கம் தள்ளிக்கொண்டே போகும்.

ஓசூர் பக்கம் பாலிஹவுஸில் சாமந்தி போடுகிறவர்களுக்கு இந்த விஷயம் கைவந்தது. செடி போதிய உயரம் வரும்வரை நடுராத்திரியில் சில மணி நேரம் பல்பு எரியவிட்டால், நீண்ட இரவு வந்துவிட்டதைச் செடி உணராது, மொட்டு தள்ளிப்போகும். அதே வெளிச்சத்தைப் பகலில் எத்தனை கூட்டினாலும் அந்தப் பலன் இல்லை. மனிதனுக்கும் வெளிச்சம் எந்த நேரத்தில் விழுகிறது என்பதுதான் திசையைத் தீர்மானிக்கிறது.

பிரகாசமான ஒளி மனிதரில் மெலடோனின் என்ற, ராத்திரியில் ஊறும் தூக்க ஹார்மோனின் சுரப்பை அடக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃபிரட் லூயியின் குழு 1980-ல் காட்டியது. 1984-ல் மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் உடன் பணியாற்றியவர்களும் குளிர்காலத்தில் மட்டும் வந்துபோகும் மனச்சோர்வை விவரித்து, ஒளிச் சிகிச்சையையும் சொன்னார்கள். அப்போது 2,500 லக்ஸ், தினம் பல மணி நேரம் என்று இருந்தது. பிறகு 10,000 லக்ஸ், 30 நிமிடம் என்று சுருங்கியது.

அந்தக் குளிர்கால நோய்க்கு நம்மூரில் பெரிய இடமில்லை. லண்டனில் டிசம்பரில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. கிருஷ்ணகிரி ஏறக்குறைய 12.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது; மிகக் குறுகிய பகலே 11 மணி 20 நிமிடத்துக்குக் குறையாது. மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆனாலும் ஒளிச் சிகிச்சை குளிர்காலத்துக்கு மட்டுமானது இல்லை. கனடாவில் 122 பேரை வைத்து நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், பருவத்தோடு தொடர்பில்லாத மனச்சோர்வுக்கும் எட்டு வாரம் காலையில் 10,000 லக்ஸ், 30 நிமிடம் கொடுத்தது பலன் தந்தது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் நன்றாகத் தெரிந்தது.

முதலில் மொட்டை மாடி

விளக்கு வாங்குவதற்கு முன் வெயிலைக் கணக்குப் பார்க்க வேண்டும். நம் மாவட்டங்களில் சூரிய உதயம் ஜூன் தொடக்கத்தில் 5.50 வாக்கில், ஜனவரி கடைசியில் 6.45 வாக்கில். மேகமில்லாத நாளில் உதயமாகி அரை மணி நேரம் கழித்து மாடியில் கிழக்கைப் பார்த்து நின்றால் கண்ணில் 10,000 லக்ஸ் விழுவது சாதாரணம். நேர் உச்சி வெயில் 1,00,000 லக்ஸ். ஐப்பசி, கார்த்திகை மூடல் நாளிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். வீட்டுக்குள் டியூப்லைட் போட்ட கூடத்தில் 100 முதல் 200. ஜன்னலோரம் ஆயிரம் வரலாம். இரண்டு மூன்று மீட்டர் உள்ளே வந்தால் நூற்றுக்கணக்கில் இறங்கிவிடும். ஜன்னலில் கறுப்புக் கண்ணாடி, கொசு வலை, பக்கத்து வீட்டுச் சுவர் இருந்தால் இன்னும் குறைவு.

ஆகவே காலை 6.30-க்கு மேல் எழுகிறவருக்குச் சிகிச்சை விளக்கு தேவையில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். சூரியனைப் பார்க்காமல், வெளிச்சமுள்ள வானத்தின் பக்கம் முகம் திருப்பி அரை மணி நேரம் நடந்தாலோ, மாடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தாலோ போதும். மூடலாக இருந்தால் ஒரு மணி நேரம். கூலிங் கிளாஸ் போடக்கூடாது; பவர் கண்ணாடி போடலாம்.

விளக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு ஆட்களுக்கு. விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய், ஜன்னல் இல்லாத ஷாப்-ஃப்ளோரில் பகல் முழுக்க இருப்பவர்கள். லைன் வீட்டில் நடு அறையில் இருந்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள். நடக்க முடியாமல் வீட்டோடு இருக்கும் பெரியவர்கள். மார்கழி, தை மாதங்களில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் 8, 9 மணி வரை பனிமூட்டத்தில் வெளியே தலைகாட்ட முடியாதவர்கள். டாக்டர் சொல்லி ஒளிச் சிகிச்சை எடுப்பவர்கள்.

பெட்டியில் எழுதாத எண்

10,000 லக்ஸ் என்பது விளக்கின் குணம் இல்லை. குறிப்பிட்ட தூரத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. எந்தத் தூரத்தில் என்பதைப் பொடி எழுத்தில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள். டேப்லெட் அளவில், 20 செ.மீ.க்கு 15 செ.மீ. முகப்புள்ள ஒரு விளக்கு 15 செ.மீ. தூரத்தில் 10,000 லக்ஸ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே விளக்கு 30 செ.மீ.ல் ஏறக்குறைய 3,200 தரும். 50 செ.மீ.ல் 1,200. டைனிங் டேபிளில் வைத்துவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தால் கண்ணுக்கும் விளக்குக்கும் 50 செ.மீ. எளிதாக வந்துவிடும். அரை மணி நேரச் சிகிச்சை என்று நினைத்தது எட்டில் ஒரு பங்கு கூட இல்லை. 15 செ.மீ.ல் முகத்தை வைத்துக்கொண்டு யாரும் தினமும் அரை மணி நேரம் உட்காரமாட்டார்கள். வாங்கினால் முகப்பு குறைந்தது 30 செ.மீ.க்கு 40 செ.மீ. இருக்க வேண்டும், 30 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தூரத்தில் 10,000 லக்ஸ் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத விளக்குக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த விளக்கு என்றால் அடாப்டரில் '100-240 வோல்ட்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். '120 வோல்ட்' மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய உடனே போய்விடும். பிளக்கை மட்டும் மாற்றினால் சரியாகாது.

வீட்டு பல்பு எத்தனை போட்டாலும் இந்த அளவை எட்டுவது கஷ்டம். 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு 800, 900 லூமன் (பல்பு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு) தரும்; அரை மீட்டரில் 300 லக்ஸ் பக்கம். எழுப்பும் விளக்குக்குச் சரி, சிகிச்சைக்குப் பத்தாது.

இரண்டு அடி சீலிங் பேனல்

எலக்ட்ரிக்கல் கடையில் ஃபால்ஸ் சீலிங்குக்கு விற்கும் இரண்டுக்கு இரண்டு அடி எல்.இ.டி. பேனல் இந்த வேலைக்குப் பொருத்தமான பொருள். 40 வாட்ஸ், 4,000 லூமன் உள்ளதாகப் பாருங்கள். வாட்ஸை நம்பாமல் பெட்டியில் லூமன் எண்ணைத் தேட வேண்டும். முகப்பு பெரிது என்பதால் ஒளி பரவி வரும், கண் கூசாது. காகிதக் கணக்குப்படி இந்தப் பேனலுக்கு நேராக 30 செ.மீ.ல் 6,000 லக்ஸ், 50 செ.மீ.ல் 3,500, 60 செ.மீ.ல் 2,700 வரும். நடப்பில் கொஞ்சம் குறையும். 10,000 லக்ஸுக்கு அரை மணி நேரம், 5,000-க்கு ஒரு மணி நேரம், 2,500-க்கு இரண்டு மணி நேரம் என்ற பழைய விகிதத்தில் பார்த்தால், 50 செ.மீ. தூரத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து படிக்கும் மாணவருக்கு ஒரு பேனல் போதும். இரண்டு பேனலைத் திறந்த புத்தகம் போல முகத்தை நோக்கித் திருப்பி வைத்தால் முக்கால் மணி நேரம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. பேனலோடு வரும் டிரைவர் என்ற சிறு பெட்டியில்தான் 230 வோல்ட் நுழைகிறது. விலை குறைந்த டிரைவர்களில் வெளியே போகும் ஒயரிலும் ஷாக் அடிக்கலாம். அதனால் இணைப்புகளை டேப் சுற்றித் தரையில் விடாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் எலக்ட்ரீஷியனை விட்டு முடிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் காற்றுத் துளை இருக்க வேண்டும். சூடு அடைத்தால் டிரைவர் சீக்கிரம் போகும். பேனலின் அலுமினிய ஓரத்தைப் பிளைவுட் சட்டத்தில் பொருத்தி, பின்னால் சாய்வுக் கால் வைத்து மேசைமேல் நிறுத்தலாம். உச்சி கண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்து, பேனல் லேசாக முன்னால் சாய்ந்திருப்பது நல்லது. ஒளியின் நிறம் 4,000 கெல்வினோ 6,500 கெல்வினோ (எண் கூடக் கூட மஞ்சள் குறையும்) எதுவானாலும் பரவாயில்லை. 6,500-ல் நீலம் அதிகம், சிலருக்குக் கண் எரியும். வெள்ளை எல்.இ.டி.யில் கவலைப்படும் அளவுக்குப் புற ஊதா இல்லை.

வாங்கும் கடையிலேயே பேனலை எரியவிட்டு, மொபைல் கேமராவை ஸ்லோ-மோஷனில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். பேனல் மினுக்கி மினுக்கித் தெரிந்தால் டிரைவர் தரமில்லாதது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. அரை மணி நேரம் முன்னால் உட்கார்ந்தால் தலைவலி வரும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் இதை மறக்கவே கூடாது.

லக்ஸ் அளக்க ஆண்ட்ராய்டு போனில் ஆப் உண்டு. முன் கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள ஒளி உணரிதான் அளக்கிறது. அதைக் கண் இருக்கும் இடத்தில் பிடித்து, திரையை விளக்கின் பக்கம் திருப்ப வேண்டும். மேசையில் படுக்கவைத்து அளந்தால் தவறான எண் வரும். போனுக்குப் போன் அளவு மாறும். ஆனால் 30 செ.மீ.க்கும் 60 செ.மீ.க்கும் எத்தனை மடங்கு குறைகிறது என்பதை அது நன்றாகவே காட்டும்.

தோல் நோய்க்கான புற ஊதா விளக்கு, கொரோனா காலத்தில் கிருமி கொல்ல வாங்கிய யு.வி. டியூப், தசைவலிக்கு வைக்கும் சிவப்பு பல்பு எதுவும் இதற்கு மாற்று ஆகாது. யு.வி. டியூப் கண்ணையே கெடுக்கும். சிகிச்சை விளக்கிலிருந்து வைட்டமின் டி-யும் வராது. அதற்குத் தேவையான கதிர் இதில் இல்லை.

உட்காருவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கண் திறந்திருக்க வேண்டும், முகம் விளக்கின் பக்கம் இருக்க வேண்டும், விளக்கையே உற்றுப் பார்க்கக்கூடாது. படிக்கலாம், சாப்பிடலாம். முதல் இரண்டு மூன்று நாள் 10 அல்லது 15 நிமிடம் போதும். ஒரு வாரத்தில் முழு நேரத்துக்குக் கொண்டுபோகலாம். தலைவலி, கண் உளைச்சல், குமட்டல் வந்தால் தூரத்தைக் கூட்டி நேரத்தை நீட்டுங்கள். மனச்சோர்வுக்கு எடுப்பவருக்குப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். நடுவில் இரண்டு நாள் விட்டால் பலன் நழுவும்.

4.15 மணிக்கு ஒரு பள்ளம்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். விடிகாலையில் வெளிச்சம் கொடுத்தால் கடிகாரம் முன்னால் வரும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்கு ஒரு எல்லை உண்டு. உடம்பின் வெப்பம் இரவில் இறங்கிக்கொண்டே போய், ஒருவர் இயல்பாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு மிகக் குறைந்த நிலையைத் தொடும். அந்தப் புள்ளிக்குப் பிறகு விழும் பிரகாசமான ஒளி கடிகாரத்தை முன்னால் இழுக்கும். நாளை இன்னும் சீக்கிரம் தூக்கம் வரும், சீக்கிரம் விழிப்பு வரும். அந்தப் புள்ளிக்கு முன்பு விழும் ஒளி பின்னால் தள்ளும். உடம்புக்கு அது இன்னும் ராத்திரிதான்.

லீவு நாளில் அலாரம் இல்லாமல் 7 மணிக்கு எழுகிற ஒருவருக்கு அந்தப் புள்ளி 4-க்கும் 5-க்கும் நடுவில். அவர் 4.15-க்கு எழுந்த கையோடு 10,000 லக்ஸ் முன்னால் உட்கார்ந்தால், அப்போதைக்குத் தூக்கம் கலையும். அன்று ராத்திரி தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். விளக்கு வாங்கிய பிறகு நிலைமை மோசமானது என்று சொல்கிறவர்களில் பலருடைய கதை இதுதான்.

சரியான முறை இப்படி. இரண்டு மூன்று லீவு நாளில் இயல்பாக விழிப்பு வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முன்னால் போகாமல் பலத்த ஒளியைத் தொடங்குங்கள். 7 மணிக்காரருக்கு 5.30. அதற்கு முன் எழ வேண்டியிருந்தால் சாதாரண மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் குளித்துக் கிளம்பலாம். பஸ் இறங்கி கேட்டுக்கு நடக்கும் தூரம், டீ பிரேக்கில் கூரைக்கு வெளியே வந்து நிற்கும் பத்து நிமிடம் ஆகியவைதான் அவருக்கு மருந்து வேளை. படிப்படியாக இரண்டு நாளைக்கு 15 அல்லது 30 நிமிடம் எழும் நேரத்தையும் வெளிச்ச நேரத்தையும் முன்னால் கொண்டுவந்தால், சில வாரத்தில் இயல்பான விழிப்பு 5 மணிக்கு வரும். அப்போது 4.15 வெளிச்சம் சரியான பக்கத்தில் விழும். ஞாயிற்றுக்கிழமை 9 மணி வரை தூங்கினால் இதில் பாதி கெடும். 6 மணியைத் தாண்டாமல் எழுவதே நல்லது. இரவு 8.30-க்கு மேல் கூடத்து டியூப்லைட்டை அணைத்து மஞ்சள் பல்புக்கு மாறுவதும் இதில் சேர்த்தி. மாணவர்களுக்கும் இதே கணக்கு. இளவயதில் கடிகாரம் இயல்பாகவே பின்தங்கும் என்பதால் அவர்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும்.

நைட் ஷிப்ட் வேறு விவகாரம். மாதக்கணக்கில் நைட் மட்டுமே பார்ப்பவர் ஷிப்டின் முதல் பாதியில், 10 மணியிலிருந்து 2 அல்லது 3 மணி வரை, நல்ல வெளிச்சத்தில் இருந்துவிட்டு, கடைசி இரண்டு மணி நேரம் கூடிய மட்டும் வெளிச்சத்தைக் குறைத்து, வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டு வெயில் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து பகல் தூக்கம் பிடிபடும். கறுப்புக் கண்ணாடி கம்பெனி பஸ்ஸில் வருபவருக்குத்தான். பைக் ஓட்டுகிறவர் நைட் முடித்த தூக்கத்தோடு கறுப்புக் கண்ணாடி போட்டு ஹைவேயில் வருவது உயிருக்கு ஆபத்து. அவருக்கு வெயிலே பரவாயில்லை. படுக்கும் அறை ஜன்னலுக்கு அட்டை வெட்டி அடைப்பதும் கனத்த கறுப்புத் திரை போடுவதும் எந்த விளக்கையும்விட அதிகப் பலன் தரும்.

வாரத்துக்கு வாரம் ஏ (காலை), பி (மாலை), சி (இரவு) என்று ஷிப்ட் மாறுகிறவர் கடிகாரத்தைத் துரத்தவே வேண்டாம். நாளுக்கு ஒரு மணி நேரம் நகர்ந்தாலே பெரிது. எட்டு மணி நேரம் நகர்ந்து முடிவதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடும். அவர் வெளிச்சத்தை விழிப்புக்கும் இருட்டைத் தூக்கத்துக்கும் மட்டும் பயன்படுத்தட்டும். ஷிப்ட் போடும் சூப்பர்வைசர்கள் ஏ-யிலிருந்து பி, பி-யிலிருந்து சி என்று முன்னோக்கிய வரிசையில் போட்டால் உடம்பு தாங்கும். தலைகீழ் வரிசையில் தாங்காது.

எழுப்பும் விளக்கும் கரண்ட்டும்

இதற்குத் தனிக் கருவி கட்டாயம் இல்லை. 9 அல்லது 12 வாட்ஸ் ஸ்மார்ட் பல்பும் ஒரு டேபிள் லேம்ப்பும் போதும். தலையணையிலிருந்து 40, 50 செ.மீ. தள்ளி, முகமட்டத்துக்குச் சற்று மேலே, முகம் இருக்கும் பக்கமாக வையுங்கள். தலைக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. ஆப்பில் 'சன்ரைஸ்' முறையைத் தேர்ந்து, 30 நிமிடத்தில் 1 சதவீதத்திலிருந்து 100-க்கு ஏறும்படி வைக்கலாம். ஆரம்பம் 2,200 அல்லது 2,700 கெல்வின் மஞ்சள், முடிவு 4,000. மூடிய இமை சில சதவீத ஒளியைத்தான் உள்ளே விடும், அதிலும் சிவப்பையே அதிகம் விடும் என்பதால் மஞ்சளில் தொடங்குவதில் நஷ்டமில்லை. 4.15-க்கு எழ வேண்டுமானால் ஏற்றம் 3.45-க்குத் தொடங்க வேண்டும். சில ஆப்களில் கொடுக்கும் நேரம் தொடக்க நேரம், சிலவற்றில் முடிவு நேரம். வேலை இல்லாத நாளில் சோதித்துவிடுங்கள். 4.15-க்கு சத்த அலாரமும் இருக்கட்டும்.

கரண்ட் போய் வருவதுதான் இதில் வில்லங்கம். பல ஸ்மார்ட் பல்புகள் மின்சாரம் திரும்பியதும் முழு வெள்ளை வெளிச்சத்தில் எரியும்படி கம்பெனியிலிருந்தே வருகின்றன. ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வந்தால் குடும்பமே எழுந்து உட்காரும். ஆப் அமைப்பில் 'பவர்-ஆன்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் 'ஆஃப்' அல்லது 'முந்தைய நிலை' என்று மாற்ற வேண்டும். இந்த வசதி இல்லாத பல்பை வாங்காதீர்கள். ரவுட்டர் இன்வெர்ட்டரில் இல்லையென்றால் வைஃபை திரும்பும்வரை சில பல்புகள் நேரத்தை மறந்துவிடும். சுவர் சுவிட்சை யாரும் அணைக்காமலும் இருக்க வேண்டும். தனிக் கருவியாக வாங்கினால் கடிகாரத்துக்கு நாணய வடிவ பேட்டரி உள்ளதைப் பாருங்கள். பல் சக்கரம் சுற்றும் மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போன அளவுக்குப் பின்தங்கும்: ஒரு மணி நேரம் போனால் அலாரம் ஒரு மணி நேரம் லேட். டிம் ஆகாத சாதாரண எல்.இ.டி. பல்பை ஃபேன் ரெகுலேட்டரில் மாட்டி ஒளியைக் கூட்டிக் குறைக்கப் பார்ப்பதும் வேண்டாம்; மினுக்கும், இரையும், கடைசியில் பல்பு போகும்.

ஓசூர்க் குளிரில் போர்வையைத் தலையோடு இழுத்து மூடித் தூங்குகிறவருக்கு எழுப்பும் விளக்கு பலனளிக்காது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறவருக்கும் அப்படித்தான். ஒரே அறையில் நான்கு பேர் பாய் போட்டுப் படுக்கும் வீட்டில் ஒருவருக்காக எரியும் விளக்கு குழந்தையை முதலில் எழுப்பும். அங்கே மணிக்கட்டில் கட்டி அதிர்கிற பேண்டு நல்ல வழி.

யார் டாக்டரிடம் கேட்க வேண்டும்

எழுப்பும் விளக்கால் பெரும்பாலும் தீங்கில்லை. சிகிச்சை விளக்குக்கு எச்சரிக்கை உண்டு. சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், மாக்குலா தேய்மானம் போன்ற விழித்திரை நோய் உள்ளவர்கள் கண் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. பத்து வருடமாகச் சர்க்கரை இருந்தும் விழித்திரைப் பரிசோதனை செய்யாதவருக்கும் இதே அறிவுரைதான். ஒளிக்கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்களும் கேட்க வேண்டும்: டாக்சிசைக்ளின், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் போன்றவை. மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பவர் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பைபோலார் கோளாறு (மனச்சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவருக்கு, அல்லது குடும்பத்தில் அது இருப்பவருக்கு, காலை ஒளி மனநிலையை எதிர்ப்பக்கம் தூக்கி எறியலாம். விளக்கு தொடங்கிய பிறகு தூக்கமே தேவைப்படாமல் போவது, பேச்சு வேகமாவது, கையில் காசு நிற்காமல் செலவு செய்வது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது தென்பட்டால் அன்றே நிறுத்திவிட்டு மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருப்பது வீண் என்று தோன்றுகிறது என்றால், விளக்கை நம்பி நாளைக் கடத்தக்கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பெரியவர்களுக்கு மாலை வெளிச்சம்

வயதானவர்களில் சிலருக்குப் பிரச்சினை தலைகீழ். 7 மணிக்கே கண்ணைச் சொருகும், ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்து வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பார்கள். இவர்களுக்கு விடிகாலை வெளிச்சம் கொடுத்தால் நிலைமை மோசமாகும். மாலை 6.30-லிருந்து 8.30 வரை அவர்கள் டிவி பார்க்கும் நாற்காலிக்கு எதிரே பேனலை 60 செ.மீ. தூரத்தில் வையுங்கள், 2,500 லக்ஸ் பக்கம் கிடைக்கும், தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகும். புரை விழுந்து லென்ஸ் பழுத்த கண்ணுக்குள் நீல ஒளி குறைவாகத்தான் போகும். ஆபரேஷன் செய்து புது லென்ஸ் வைத்தவருக்கு அதே விளக்கு பளிச்சென்று தெரியும், அவருக்கு 80, 90 செ.மீ. தள்ளி வைக்கலாம். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் டியூப்லைட்டைப் போடாமல், கணுக்கால் உயரத்தில் ஒரு மஞ்சள் ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்தால் வழியும் தெரியும், தூக்கமும் கலையாது.